உறுதி நம் பெயரில், உளி யார் கையில்?

நம் பக்கத்துக் கலியாணங்களில் வீடு பெண்ணுடையது. கிண்ணியா, மூதூர், தோப்பூர், வெள்ளைமணல் என்று எங்கே போனாலும் இதுதான் வழக்கம். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். காணி உறுதி மகளின் பெயரில் எழுதப்படும். வீட்டோடு கட்டில், அலுமாரி, கண்ணாடி மேசை, செற்றி, சாப்பாட்டு மேசை, ஆறு கதிரைகள் எல்லாம் வரும். அவற்றுக்காக வாப்பாமார் பட்ட கடனும் வரும். சீதனம் சரியா பிழையா என்ற வாதத்தை இங்கே நான் எடுக்கவில்லை. அது தனிக் கட்டுரைக்கு உரியது, எழுதினால் கொஞ்சம் காரமாகத்தான் எழுதுவேன்.

இங்கே என் கேள்வி சிறியது. வீடும் அதற்குள் இருக்கும் மரச்சாமானும் நம்முடையவை என்றால், அந்த வீட்டில் ஓர் ஆணி அடிக்க ஏன் இன்னொருவரைக் கூப்பிடுகிறோம்? அலுமாரிக் கதவு தொங்கினால் காக்கா வரும்வரை கயிற்றால் கட்டி வைக்கிறோம். மேசைக்கால் ஆடினால் நான்காக மடித்த கடதாசியை அதன் அடியில் வைக்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் மச்சான் லீவில் வந்து பார்ப்பார் என்று காத்திருக்கிறோம். மச்சான் வரும்போது மேசையே இருக்காது.

இது மிகைப்படுத்தல் இல்லை. இன்று கடைகளில் மினுங்கும் தளபாடங்களில் பெரும்பகுதி முழுப்பலகையால் ஆனவை அல்ல. மரத்தூளையும் சிராய்களையும் பசையோடு அழுத்திச் செய்த 'சிப்போட்', 'எம்.டி.எஃப்' தகடுகள்தான் அவை. மேலே ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்தால் தேக்கு போலவே இருக்கும். விளிம்பில் அந்தத் தாள் கழன்று உள்ளே ஈரம் போனால் ஊறிய பாண் போல உப்பும். உப்பிய இடத்தில் திருகாணி பிடிக்காது. சீனன்குடாவில் மூன்று பக்கமும் கடற்காற்று. மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். அந்த அலுமாரி இங்கே எத்தனை வருடம் நிற்கும்? கடன் முடியும் முன் கதவு விழுந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

நல்ல மரம் அப்படியல்ல. நம் ஊரின் பெயரைத் தாங்கிய 'திருக்கோணமலை' என்ற போர்க்கப்பலை 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டினார்கள். இருநூறு வருடம் தாண்டியும் அது இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற துறைமுக நகரில் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது. நமக்குக் கப்பல் வேண்டாம். எது மரம், எது மரம் போன்றது என்று தட்டிப் பார்த்துச் சொல்லத் தெரிந்தால் போதும். ஒரு பலகையை ஒரு தடவையாவது அறுத்துப் பார்த்தவளைக் கடைக்காரர் இலேசில் ஏமாற்ற முடியாது. மரவேலை படிக்க வேண்டும் என்பதற்கு என் முதல் காரணம் இதுதான். அழகுப்பொருள் செய்வதெல்லாம் பிறகு.

பாடசாலை இதில் என்ன செய்கிறது? ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை 'செயன்முறைத் தொழினுட்பத் திறன்' என்ற பாடம் இருக்கிறது. பெயரில் 'செயன்முறை' இருந்தாலும் நம்மில் பலர் அதைக் கொப்பியில்தான் படித்தோம். சீவுளியின் படத்தைக் கீறி, பாகங்களுக்குப் பெயர் எழுதினோம். பத்தாம் வகுப்புக்கு வந்தால் தொழினுட்பப் பாடத் தொகுதியில் ஒன்றைத் தெரிய வேண்டும். 'வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும்' என்ற பாடமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, மனைப்பொருளியலும் இருக்கிறது. பெண்கள் கல்லூரிகளில் எது நடக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. மனைப்பொருளியலை நான் குறைத்துப் பேசவில்லை. 'மனை' என்ற சொல்லுக்குள் அடுப்பும் ஊசியும் இருக்கின்றன; யன்னல் நிலையும் கட்டில் சட்டமும் இல்லை. அதுதான் எனக்கு விளங்கவில்லை.

இந்த நாட்டில் இதை ஒரு முறை வேறு விதமாகச் செய்து பார்த்தார்கள். 1972இல், பதியுத்தீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்தபோது, கனிட்ட இடைநிலை வகுப்புகளுக்குத் தொழில்முன்னிலைக் கல்வி கொண்டுவரப்பட்டது. ஊரில் நடக்கும் தொழிலையே பாடமாக்குவது அதன் எண்ணம்: கடலோரத்தில் மீன்பிடி, களிமண் உள்ள இடத்தில் மட்பாண்டம், வேறு இடங்களில் மரவேலை, நெசவு, விவசாயம். 1977இல் ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. கருவியும் பயிற்றப்பட்ட ஆசிரியரும் போதாமல் போனது ஒரு காரணம். 'என் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது மண்வெட்டி பிடிக்கவா?' என்ற பெற்றோரின் கோபம் இன்னொன்று. அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. ஏழைப் பிள்ளைக்குக் கைத்தொழில், பணக்காரப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் என்று ஆகிவிடுமோ என்று அவர்கள் பயந்தார்கள். ஆனால் பயந்ததன் விலையாக, கையால் ஒரு பொருளைச் செய்யத் தெரியாமலே பதினொரு வருடப் படிப்பை முடிக்கிறோம்.

'இது ஆம்புள வேலை' என்று சொல்பவர்களுக்கு நம் மார்க்கத்திலிருந்தே இரண்டு மூன்று செய்திகளை நினைவூட்டலாம். ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. ஆகவே இது தாழ்ந்த வேலை என்ற பேச்சுக்கு இடமில்லை. மஸ்ஜிதுந் நபவியின் மிம்பர் வந்த கதையை ஸஹீஹ் புகாரியில் பார்க்கலாம். தன்னிடம் ஒரு தச்சர் பணியாளராக இருப்பதைச் சொல்லி, நபி (ஸல்) அவர்கள் அமர்வதற்கு ஒன்றைச் செய்து தரட்டுமா என்று கேட்டவர் ஓர் அன்சாரிப் பெண்மணி. வாளைப் பிடித்தவர் அவரல்ல. ஆனால் பள்ளிக்கு மரத்தில் இப்படியொன்று செய்யலாம் என்று முன்வந்தவர் அவர்தான். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களோ தம் கையாலேயே உழைத்து, அதில் வந்ததை ஸதகா கொடுத்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருட்களுக்குள் துணித்துண்டால் ஆன இறக்கை வைத்த ஒரு குதிரை இருந்ததை அபூதாவூதில் படிக்கிறோம். வீட்டில் செய்த ஒரு விளையாட்டுச் சாமானைப் பார்த்து நபி (ஸல்) அவர்கள் சிரித்த அந்த நிகழ்ச்சியைப் படிக்கும்போதெல்லாம், இன்று நம் பிள்ளைகள் கையில் கொடுக்கும் பிளாஸ்டிக்கை நினைத்துக்கொள்வேன்.

அதனால்தான் தொடங்குவதானால் விளையாட்டுச் சாமானில் தொடங்க வேண்டும் என்கிறேன். சிறியது, பிழைத்தாலும் ஒரு துண்டுதான் வீணாகும்.

கரோலின் பிராட் என்ற அமெரிக்க ஆசிரியை மரவேலை படித்தவர், அதைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர். 1914இல் நியூயோர்க்கில் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அவர் வடிவமைத்த கட்டைகள் உலகம் முழுவதும் பாலர் பாடசாலைகளில் இன்றும் இருக்கின்றன. அடிப்படைக் கட்டையின் அளவு ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர் நீளம், 7 அகலம், 3.5 தடிப்பு. இரண்டு தடிப்பு ஓர் அகலம், இரண்டு அகலம் ஒரு நீளம். அதைப் பாதியாக வெட்டினால் சதுரம், இரட்டிப்பாக்கினால் தூண், மூலைக்கு மூலை வெட்டினால் கூரை. இரண்டு சின்னக் கட்டை ஒரு பெரிய கட்டைக்குச் சமம் என்பதைப் பிள்ளை பின்னம் படிக்கும் முன்பே கையால் அறிந்துகொள்கிறது. இதில் சக்கரமும் இல்லை, பற்றரியும் இல்லை. உடைய என்ன இருக்கிறது?

எங்கள் ராத்தாவின் மகனுக்காக நானும் மூத்தாப்பாவும் இதைச் செய்தோம். வீட்டுக் கூரை மாற்றியபோது மிஞ்சிய கைமரத் துண்டுகள் கொல்லையில் கிடந்தன. ஒரு கைவாள், மூலைமட்டம், பென்சில், சாண்ட் பேப்பர், இவ்வளவும்தான் கருவி. முதல் பத்து நிமிடத்திலேயே என் கை நொந்தது. மூத்தாப்பா பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துவிட்டு, "வாள அமத்தாத மகள். தள்ளி உடு, அது தன்ட பாட்டுல போகும்" என்றார். அதற்குப் பிறகு வாள் ஓடியது. எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் காணாத வசனம் அது. இருபத்து நான்கு கட்டைகள் அறுத்துத் தேய்க்க மூன்று வெள்ளிக்கிழமை பின்னேரங்கள் போயின. தேய்ப்பதுதான் அலுப்பு; அறுப்பதல்ல.

பிள்ளைகளுக்குச் செய்யும்போது சில விடயங்களில் கறாராக இருக்க வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தொண்டைக்குள் போகக்கூடிய எதையும் செய்யக் கூடாது. பன்னாட்டு விளையாட்டுப் பொருள் விதிகளில் இதற்கு ஓர் உருளை அளவு உண்டு. அதன் விட்டம் 31.7 மில்லிமீற்றர். நாம் 4 சென்ரிமீற்றருக்குச் சிறிதாக எந்தத் துண்டும் வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம். தொட்டிலுக்குச் சட்டம் அடிப்பவர்கள் இரண்டு சட்டங்களுக்கு இடையே 6 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பிள்ளையின் உடல் வெளியே வழுகித் தலை உள்ளே மாட்டும். நிறம் பூசுவதானால் ஈயம் இல்லை என்று எழுதியுள்ள டின்னாகப் பார்த்து வாங்க வேண்டும். பழைய எனாமல் பூச்சு உள்ள கதவு, யன்னல் துண்டுகளைப் பிள்ளைச் சாமானுக்கு எடுக்கவே கூடாது. பூசாமலே விடுவது இன்னும் நல்லது. நன்றாகத் தேய்த்த வெறும் மரத்துக்கு ஒரு வாசம் இருக்கிறது. பிள்ளை கடித்தாலும் பயமில்லை.

எந்த மரம்? இதில் சீனன்குடாக்காரருக்கு ஒரு வசதி. மாவாலை, சீமெந்து ஆலை, துறைமுகம் என்று பக்கத்திலேயே இருப்பதால் பொருள் அடுக்கி ஏற்றும் மரத்தட்டுகளை அடிக்கடி காண்கிறோம்; 'பலட்' என்று சொல்வோமே, அதுதான். பழையவற்றை விறகுக்குக் கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. நாடு விட்டு நாடு போகும் பலட்டில் ஒரு கோதுமைக் கதிர் முத்திரை சுடப்பட்டிருக்கும். அதன் பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள். 'எச்.டி.' என்றால் பூச்சி சாகச் சூடாக்கிய மரம். 'எம்.பி.' என்றால் மெதைல் புரோமைட் என்ற நச்சுவாயு காட்டிய மரம். முதலாவதை எடுக்கலாம். இரண்டாவதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், அடுப்பிலும் வைக்காதீர்கள். முத்திரையே இல்லாததும், எண்ணெயோ இரசாயனமோ ஊறிக் கறை பிடித்ததும் அப்படியே. இந்த இரண்டு எழுத்தைத் தெரியாமல் எத்தனை வீட்டில் பலட் பலகை எரிகிறதோ!

மற்றபடி மரக்காலையில் விறகு விலைக்குப் போகும் துண்டுகள் இருக்கின்றன. மகோகனி, தேக்கு, பலா எல்லாம் அதில் கலந்திருக்கும். வேம்பு நம் வளவுகளிலேயே நிற்கிறது. கறையான் இலேசில் தொடாது. ஆனால் கசப்பு, ஆகவே வாயில் வைக்கும் சாமானுக்கு வேண்டாம், குந்துவதற்குச் செய்யலாம். முதிரை நம் காட்டின் பெருமை, பார்க்கவும் பட்டுப் போல இருக்கும். ஆனால் வைரம் பாய்ந்தது, புதிதாக வாள் பிடிப்பவளுக்கு ஆகாது. அதன் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பையும் அரிப்பையும் கொடுக்கும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெட்டுவதும் ஏற்றுவதும் குற்றம் என்பது தனி.

கட்டைக்குப் பிறகு முக்காலி. நாலு காலில் ஒன்று கொஞ்சம் குறைந்தாலும் ஸ்டூல் ஆடும். மூன்று கால் எந்தச் சீமெந்துத் தரையிலும் ஆடாது, ஏனென்றால் மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் இருக்கும். இதைக் கேத்திரகணித வகுப்பில் படித்தபோது எனக்குத் தூக்கம் வந்தது. முக்காலியில் ஏறி நின்று மின்குமிழ் மாற்றியபோதுதான் விளங்கியது. ஆணி அடிக்கும்போது பலகை வெடிக்காமலிருக்க மூத்தாப்பா ஒரு வித்தை காட்டினார்: ஆணியின் கூரைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மழுக்கிவிட்டு அடிப்பது. கூர் ஆணி ஆப்பு மாதிரி நாரைப் பிளந்துகொண்டு போகும்; மழுங்கிய ஆணி நாரை நசுக்கிக்கொண்டு போகும். முழுப்பலகையில் திருகாணி தளர்ந்த துளைக்குள் மருந்து நீக்கிய தீக்குச்சி இரண்டைப் பசை பூசிச் செருகி, காய்ந்த பின் முறுக்கினால் திரும்பப் பிடிக்கும். வீட்டில் பாதிக் கதவுகளுக்கு இது போதும்.

அதற்கும் அடுத்தது குர்ஆன் வைக்கும் ரேஹால். கடையில் இருப்பதை மடித்து விரித்துப் பாருங்கள். நல்லதாக இருந்தால் அது இரண்டு பலகை அல்ல, ஒரே பலகை. நடுவில் விரல்கள் கோத்தது போல வெட்டி, தடிப்பில் பாதிப் பாதியாகப் பிளந்து, ஆணியும் பிணைச்சலும் இல்லாமல் மடியச் செய்திருப்பார்கள். அது தேர்ந்த கையின் வேலை. நாம் இரண்டு பலகையில் எதிரெதிராகப் பாதி உயரத்துக்கு ஒரு வெட்டு வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி நிறுத்தலாம். அஹதிய்யாவுக்குப் போகும் தம்பி தங்கைக்கு அது தாராளம்.

இனி ஆட்சேபங்கள். ஆபத்து என்பார்கள். திருவலையில் குந்தியிருந்து தேங்காய் துருவும் பிள்ளைக்கு, அரிவாளில் மீன் வெட்டும் பிள்ளைக்குக் கைவாள் ஆபத்தா? மின்சார வாளை நான் கேட்கவில்லை. முந்தானையை ஊசி குத்தி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு செய்யக்கூடிய கைக்கருவி வேலையைத்தான் கேட்கிறேன். பரீட்சைக்கு நேரமில்லை என்பார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கும் உயர்தர வகுப்புக்கும் இடையே தொலைபேசியோடு போகும் கிழமைகள் எத்தனை என்று நம் உம்மாமாருக்குத் தெரியும்.

ஒரு ஆட்சேபம் மட்டும் என்னை யோசிக்க வைத்தது. ஓடாவிமாரின் பிழைப்பில் கை வைக்கிறோமா? விசாரித்துப் பார்த்தேன். எங்கள் பக்கத்து ஓடாவி ஒருவர், கால் ஆடுகிற மேசைக்கும் கழன்ற பிணைச்சலுக்கும் கூப்பிட்டால் போக மனமில்லை என்றார். கூலி கேட்கவும் கூச்சம், போகாமலிருந்தால் மனத்தாபம். அவருக்கு வேண்டியது நிலை, கதவு, கட்டில். இன்னொன்றும் சொன்னார். கடைத் தளபாடம் வந்த பிறகு மரத்தைப் பற்றிக் கேட்டு, பார்த்து, சொல்லிச் செய்விக்கும் ஆட்களே குறைந்துவிட்டார்களாம். மரம் தெரிந்த பெண்கள் ஊரில் கூடினால் அவருக்கு வேலை கூடுமே தவிரக் குறையாது. நெசவு தெரிந்த மருதமுனையில் நல்ல புடவைக்கு மதிப்பு இருப்பது போல.

ஸ்வீடனில் மரவேலையும் துணிவேலையும் ஒரே பாடம். ஆண்பிள்ளையும் தைக்கிறது, பெண்பிள்ளையும் அறுக்கிறது. அவ்வளவு தூரம் போக நமக்குச் சுற்றுநிருபம் வர வேண்டும். அதற்குக் காத்திருந்தால் நான் மூத்தம்மா ஆகிவிடுவேன். நம் கல்லூரியால் இந்த வருடமே செய்யக்கூடியதைக் கேட்கிறேன். மனைப்பொருளியல் அறையின் பின்பக்கத்தில் தையல் மெசின்களுக்கு அடுத்து ஆறடி இடம் சும்மா இருக்கிறது. அங்கே ஒரு தடித்த மேசையும் அதில் பலகையைப் பிடித்து வைக்க ஒரு இடுக்கியும் போதும். மூன்று கைவாள், இரண்டு சுத்தியல், ஒரு சீவுளி, இரண்டு உளி, ஒரு மூலைமட்டம், அளவு நாடா, பசை. பழைய மாணவியர் சங்கம் ஒவ்வொரு வருடமும் பரிசளிப்பு விழா மேடைக்குச் செலவழிக்கும் பூமாலைக் காசில் பாதி இதற்குப் போதும் என்பது என் கணக்கு. கற்பிக்க ஓய்வுபெற்ற ஓடாவி ஒருவரை மாதம் இரண்டு சனிக்கிழமை அழைக்கலாம். ஒரு ஆசிரியை கூட இருப்பார்.

முதல் தவணையில் செய்யும் கட்டைகள் கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் பாலர் பாடசாலைக்குப் போகட்டும். அங்கே முப்பது பிள்ளைகளுக்கு இப்போது இருப்பது சக்கரம் இல்லாத இரண்டு பிளாஸ்டிக் லொறிகள். ஒரு பிள்ளைக்கு நான்கு கட்டை என்றாலும் நூற்று இருபது வேண்டும். எங்கள் கொல்லையில் கைமரத் துண்டு இன்னும் கொஞ்சம் கிடக்கிறது. மூத்தாப்பாவிடம் கேட்டுவிட்டேன், எடுக்கச் சொன்னார்.